ஏழு சேட்டு

சூரிச்சிலிருந்து வந்த பெட்டியில
சொக்கிளேற், தலையிடித் தைலம்,
நடுவில மடிச்சு வைச்ச ஏழு சேட்டு.
ஏழும் ஒறேஞ்.
கந்தோரில தந்தது, கனக்கக் கிடக்கு,
மருமகனுக்கு உதவும் எண்டு
சுகிர்தன் வொய்ஸ் அனுப்பியிருந்தான்.

அசல் பருத்தி. கொலருக்குள்ள விரலை விட்டால் தெரியும்.
ஆனால் ஆருஜன் நீல இல்லம்.
மாசி பத்தில விளையாட்டுப் போட்டி.
கடையில நீலச் சேட்டின்ர விலையைக் கேட்டுப்போட்டு
பெரியகடைப் பக்கம் சைக்கிளைத் திருப்பினன்.
"ஒறேஞ்சுக்கு மேல நீலம் ஊத்தினால் சேறுதான் வரும்,
முதல்ல இருக்கிறதை எடு பிள்ளை" எண்டார்
சாயப் பைக்கட் வித்தவர்.

வெள்ளம் வடிஞ்ச பிறகு கிணத்துக்குப் போடத் தந்த குளோரின்
போத்திலின்ர அடியில மிச்சம் இருந்தது.
பேசினுக்குள்ள கரைக்கக் கண் எரிஞ்சது.
நிறம் ஒரேயடியாப் போகாது.
முதல்ல பப்பாப்பழம்,
பிறகு மாங்காயின்ர உள்பக்கம்,
பிறகு பழஞ்சோத்துத் தண்ணி.

மூண்டாவதைப் பிழிஞ்சு உதறேக்க
நெஞ்சுப் பக்கம் ஏதோ ஒட்டியிருக்கு எண்டு
நகத்தால சுரண்டினன்.
வரேல்லை.
ஒரு வாளி.
வாளிக்கு மேல மூண்டு நுரைக்குமிழ்.
கீழ, வளைஞ்சு ஒரு வரி எழுத்து.

ஒறேஞ்சுத் துணியில ஒறேஞ்சு நூல்.
இவ்வளவு நாளும் ஆருக்கும் தெரியேல்லை.
துணி வெளுத்தது,
நைலோனோ என்னவோ, நூல் வெளுக்கேல்லை.
ஏழையும் விரிச்சுப் பார்த்தன்.
ஏழிலும் வாளி.

ஆருஜன் போனைப் பிடிச்சு வாசிச்சான்:
"கட்டிடத் துப்புரவு."
மாமா கந்தோரிலதானே அம்மா?
கந்தோரிலதான், எண்டன்.
பொய்யில்லை.
உயரக் கண்ணாடிக் கட்டிடத்துக்கு முன்னால
கோட்டோட நிண்டு அனுப்பின படம்
எங்கட சுவரில இருக்கு.
பின்னுக்குக் கண்ணாடியிலயும் அவன்ர முதுகு தெரியுது.
அவ்வளவு துடைச்ச கண்ணாடி.

தென்னம்மட்டை எரிச்சு, நெளிஞ்ச பானையில
சாயமும் ரெண்டு பிடி ஆனையிறவு உப்பும் போட்டு
விக்கெற் தடியால கிண்டினன்.
கொக்குவில் தண்ணி, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படை கட்டுற தண்ணி.
நீலம் திட்டுத் திட்டாத்தான் ஏறினது.
கொடியில போட்டுப்போட்டுத் தள்ளி நிண்டு பார்த்தால்
நீலத்தில வாளி இன்னும் வெளிச்சம்.

மதிலுக்கு அங்கால இந்திராதேவி மிஸ்.
போன கிழமைதான்
மகளுக்குப் பார்க்கவெண்டு சுகிர்தன்ர குறிப்பைக் கேட்டவ.
உதென்ன பிள்ளை, பூவோ?
ஓம் மிஸ், பூ.

இரவு அவன் எடுத்தான்.
சேட்டு அளவோ அக்கா?
அளவுதான். நிறம்தான் மாத்தினனான்.
கொஞ்சநேரம் கதையில்லை.
அங்க ஏதோ கதவு சாத்தினது.
எல்லாம் போயிட்டுதோ?
என்னது எல்லாம்?
இல்லை... ஒறேஞ்.
ஒறேஞ் போயிட்டுது, எண்டன்.
சாப்பிட்டியோ?

பிறகு ஆறு இரவு, ஆறு சேட்டு.
பிளேட் நுனியால ஒவ்வொரு நூலா வெட்டி
பின்பக்கத்தால இழுத்தன்.
நூல் போன இடத்தில துளை,
துளை போன இடத்தில, கிட்டப் பார்த்தால்,
அதே வாளி.
மேல ஒரு பொக்கற் வைச்சுத் தைச்சன்.
தோள்மூட்டிலும் கைமடிப்பிலும் ஓடுற ஒறேஞ்சுத் தையலை
ஒண்டும் செய்யேலாது.
"எந்தக் கடை, வடிவாயிருக்கு" எண்டு
பீ.ரீ. சேர் கேட்டவராம்.
இருநூறு மீற்றரில ஆருஜன் நாலாவது.

ஏழாவதை நான் பிரிக்கேல்லை.
சனிக்கிழமையில பாசி தேய்க்க,
கக்கூசு கழுவ,
அதைத்தான் போடுறன்.
எனக்கும் அளவுதான்.