எடைக்கு எடுக்காதவை

மண்டபம் ரயில்வே கேட்டை ஒட்டி என் கடை.
தெளிந்த பாட்டில் கிலோ பதினெட்டு,
பச்சை என்றால் பதினொன்று,
அறுந்த நைலான் வலை, உப்பு உதறிக் கொண்டுவந்தால், இருபத்தைந்து.
ஷாம்பு பொட்டலம், உள்ளே வெள்ளி மினுங்கும் சிப்ஸ் உறை
எடுப்பதில்லை.
நாலு தோலை ஒன்றாய் ஒட்டியிருக்கிறான்.
உரிக்க ஆளில்லை.

மதுரை லாரி மாதம் இருமுறை வரும்.
பாட்டில் போய்ப் பாயாகும்.
பாய் கிழிந்து என்னிடமே வரும்.
தட்டில் வைக்காமலே சொல்லிவிடுவேன்:
இதற்கு மேல் பிறவி இல்லை.

அக்னி தீர்த்தத்தில் ஒரு விடியலில் பார்த்தேன்.
யாரோ வடக்கத்திக்காரர், தகப்பன் சாம்பலை
கேரி பையிலிருந்து கடலுக்குக் கொடுத்தார்.
சாம்பல் ஒரே அலையில் போயிற்று.
பை மட்டும் அவர் காலைச் சுற்றிக்கொண்டு
போக மாட்டேன் என்றது.

நம்புத்தாய் வாரம் ஒருநாள் வருவாள்.
பாசி வளர்க்கும் மிதவைக்கு பாட்டில் வேண்டும்,
மூடியோடு.
மூங்கில் சட்டம், நாலு மூலைக்கும் என் சரக்கு,
கீழே கயிறு கயிறாய்ப் பாசி.
வெயிலில் சில மாதம். பிறகு
விரல் பட்டால் அப்பளம்.
அந்தத் தூள் எங்கே போகிறதென்று
நான் கேட்டதில்லை.
மீனைத்தான் கேட்க வேண்டும்.

போன ஆடியில் ஒரு பையோடு வந்தாள்.
அவள் பாசியைக் காய்ச்சி யாரோ இழுத்ததாம்.
மஞ்சளாக, கண்ணாடித்தாள் போல, கொஞ்சம் கவிச்சி.
"எடைக்கு எடுப்பீகளா?" சிரித்தாள்.
தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன்.
முக்கால் மணி நேரம் தாங்கியது.
அப்புறம் கஞ்சியாடை போல இளகித்
தரை நனைந்தது.
"இது எதுக்கு ஆகும்?"
"கோயில்வாடித் துறையிலருந்து ஒங்க வீடு எம்புட்டுத் தூரம்?"
"பத்து நிமிசம்."
"மீன் எம்புட்டு நேரம் பையில இருக்கும்?"

பதில் சொல்லாமல் விலை கேட்டேன்.
அந்தக் காசுக்குப் பதினைந்து கேரி பை வாங்கலாம்.
வாங்குகிறவன் தர மாட்டான், விற்கிறவளும் தர மாட்டாள்.
அவளுக்கும் தெரியும்.
பாட்டில்களைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

ஈரத்தை ஒரு ஆடு வந்து நக்கியது.
என் கடைக்கு வந்ததில்
தராசுக்கு மிச்சம் வைக்காமல் போனது
அது ஒன்றுதான்.

சாயங்காலம் சாளை வாங்கக் கிளம்பும்போது
இரும்புக் குவியலுக்குள் கையை விட்டு
யாரோ எடைக்குப் போட்ட தூக்குச்சட்டியை உருவினேன்.
மூடி கொஞ்சம் ஆடும்.
எவர்சில்வர், கிலோ ஐம்பதுக்கு எடுத்தது.
லாரிக்காரன் கேட்டான்.
அது கணக்கில் இல்லை என்றேன்.