மீதி இருநூற்றுப் பன்னிரண்டு

ரசீது புத்தகத்தில்
‘எதற்காக’ என்று அச்சடித்து
ஒரு கோடு விட்டிருந்தார் அச்சகக்காரர்.
அந்தக் கோட்டில்தான் எனக்குப் பேனா நின்றது.

குளிர்பெட்டி, என்று எழுதினேன்.
டெல்லிபாபு எட்டிப் பார்த்தான்.
“பிரிட்ஜுன்னு நெனச்சிக்கப் போறாங்கக்கா.”
நினைத்துக்கொள்ளட்டும்.
முதல் ஐம்பது ரூபாய் அப்படித்தான் வந்தது.

போன சித்திரையில் ஏசுபாதம் செத்த அன்று
மிண்ட்டில் கிளம்பிய வாடகைப் பெட்டி
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு மணி நேரம் நின்றது.
ஒரு கூட்ஸ் போனது.
இன்னொன்று போனது.
மூன்றாவது, போவதா வேண்டாமா என்று
தண்டவாளத்திலேயே யோசித்தது.
இந்தப் பக்கம் ரோசம்மா
ஐஸ் பாளத்தை உடைத்து உடைத்து
புருஷனைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.
மஸ்கட்டிலிருந்து மகன் வரவேண்டும்.
உருகிய தண்ணீர் படி இறங்கித் தெருவுக்கு வந்தது.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அதைத் தாண்டிப் போய்வந்தோம்.

அன்று ராத்திரியே முடிவானது:
கேரம் போட்டி வைப்பது,
சொந்தமாக ஒரு பெட்டி வாங்குவது.
முதலில் சொன்னது யார் என்று
இன்னும் சண்டை ஓயவில்லை.

ஆடி மாதக் கூழுக்குக் கேட்கலாம்,
காதுகுத்துக்குக் கேட்கலாம்.
இதற்கு எந்த முகத்தோடு கேட்பது?
நான்காவது சந்தில் ஒருவர்
கதவைப் பாதி திறந்து
“எங்க வூட்ல யாருக்கும் தேவைப்படாதும்மா” என்றார்,
பின்னால் திரும்பி
ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு.
மஸ்தான் பாய்
“நாங்க அன்னிக்கே எடுத்துடுவோமே” என்றபடியே
கல்லாவிலிருந்து நூறு எடுத்துத் தந்தார்.
காசிமேட்டு வியாபாரி சாமுண்டீஸ்வரிதான்
எத்தனை டிகிரி நிற்கும்,
கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று
வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
கேள்வி கேட்டுவிட்டு
இரண்டாயிரம் எண்ணி வைத்தாள்.
நோட்டுகள் ஈரமாக இருந்தன.

மனை விற்கும் தேசப்பன்
இருபதாயிரம் தருவதாகச் சொன்னார்.
மூடிமேல் அவர் படம் வேண்டும்.
கை கூப்பியபடி, சிரித்தபடி.
“கீழ ஒரு மூஞ்சி, மேல ஒரு மூஞ்சியா சார்?”
டெல்லிபாபு வெகுளியாகத்தான் கேட்டான்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு ஐயாயிரம் கொடுத்து
தன் பெயரை எங்கேயும் போட்டுவிடக் கூடாது என்று
இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அறுபத்து நான்கு ஜோடி.
பள்ளிக்கூட மைதானத்தில் டியூப்லைட் கட்டி
மூன்று ராத்திரி.
சிவப்புக்காயை விட்டவன் ‘செத்தேன்’ என்று கத்தினால்
கூட்டம் மொத்தமும்
என் உண்டியலைப் பார்த்துச் சிரித்தது.
பைனலில் ஜெயித்த பிலோமினாவின் மகள்
பரிசுக் கவரைப் பிரித்து
பாதியை மேஜையில் தள்ளினாள்,
ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதுபோல்
ஒரே விரலால்.

பெட்டி வந்த அன்றும் கேட் மூடியிருந்தது.

திறப்பு விழாவுக்கு
ரிப்பன் வாங்கி வைத்திருந்தோம்.
வெட்ட ஆள் கிடைக்கவில்லை.
வருவதாகச் சொன்னவருக்குத் திடீர் ஜுரம்.
மாலை போடலாமா கூடாதா?
‘நல்லா இருக்கட்டும்’ என்றால் என்ன அர்த்தம்?
ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிக்காமலே
ஆளுக்கு ஆள் கைமாற்றினோம்.
கடைசியில் ரோசம்மா
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
பிளக்கைச் செருகினாள்.
பெட்டி உறுமிப் பிறகு சீரானது.
யாரோ கைதட்டி
பாதியில் நிறுத்தினார்கள்.
அவள் மூடியைத் திறந்து
முழங்கை வரை உள்ளே விட்டாள்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
“காஞ்சே இருக்குது” என்றாள்,
“ஈரமே இல்ல.”

பதினோரு மாதம் ஆகிறது.
முதல் ஞாயிறுதோறும்
ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறேன்.
யாரும் இன்னும் வந்து கேட்கவில்லை.
எங்கள் தெருக் காசில் வாங்கியதில்
சும்மா கிடக்கிறதே என்று
ஒருவரும் குறை சொல்லாத பொருள்
இது ஒன்றுதான்.

கணக்கில் மீதி இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
கேரம் பவுடர் வாங்கலாம் என்கிறான் டெல்லிபாபு.
பில் இல்லாமல் தரமாட்டேன்
என்று சொல்லியிருக்கிறேன்.