எர்த்

சுகிர்தம் டாக்டரின் வேன்கார்ட்
ஐம்பத்திரண்டாம் வருஷத்தது. மூன்றே கியர்.
ஸ்டியரிங் கழுத்தில், பீடித்துண்டு அளவில்
ஒரு சுவிட்ச். ஓவர்டிரைவ்.
"வாங்கி நாலு வருஷம். ஒரு நாளும் பேசல.
முன்னால பேசுச்சானு வித்தவருக்கே தெரியல."
ஏற்காட்டில் மாட்டு டாக்டர்.
வாய் திறக்காத நோயாளி
அவருக்குப் புதிதில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம்
எங்கள் தகரக் கொட்டகை.
வயரிங் நான், கியர் மாதையன்.
ஜவ்வரிசி ஆலையின் புளித்த காற்று
மதியம் எங்கள் சோற்றோடு வந்து உட்காரும்.

பெட்டியை இறக்கினோம்.
எவனோ தொண்ணூறாம் நம்பர் கிரீஸ்தனமான ஆயில் ஊற்றியிருந்தான்;
முப்பதுதான் குடிக்கும் இது.
வால்வுக்குள் எஃகுக் குண்டு,
கடுகைவிடப் பெரிது, கொத்தமல்லிக்குச் சற்று மேல்.
அதன் இருக்கையில் ஒரு மயிரிழைக் கீறல்.
செவ்வாய்ப்பேட்டை ரவூப் பாய்
லேத்தை நிறுத்திவிட்டு
கையாலேயே தேய்த்துக் கொடுத்தார்.

திரும்ப மாட்டும்போதுதான் பாடு.
உள்ளே இரண்டு பல்வரிசை,
ஒன்றின் பின் ஒன்று, ஒன்றையொன்று பாராமல்.
இரண்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் தண்டு நுழையும்.
ஸ்க்ரூடிரைவரால் ஒன்றை ஒரு பல் திருப்பினால்
மற்றது ஒரு பல் கோபித்துக்கொள்ளும்.
கடைசி அரை அங்குலம் வந்து நின்றது.
நட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்றேன்.
மாதையன் என்னைப் பார்த்த பார்வையில்
ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.
வெளியே போய் டீ குடித்தோம்.
வந்து தொட்டதும்
தானாக உள்ளே போனது, சத்தமே இல்லாமல்.

ஆனால் பேசவில்லை.

சாலினாய்டைக் கழற்றி மேசையில் வைத்தால்
டக். டக். எத்தனை தரம் கேட்டாலும் டக்.
வண்டியில் வைத்தால் ஊமை.
ரிலே மாற்றினேன். ஃப்யூஸ். சுவிட்ச். புது வயர்.
லீவர் ஓட்டையில் கம்பி செருகி
அளவு சரியா என்று நூறு தரம்.
எட்டாம் நாள்
டாக்டருக்கு என்ன பொய் சொல்லலாம் என்று
யோசித்துக்கொண்டே
மேசைச் சோதனையை மறுபடி செய்தேன்.
டக்.
அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.
முதலைக் கிளிப்பால்
சாலினாய்டின் உடம்பைக் கவ்விப் பிடித்திருந்தது அது.
எட்டு நாளும் நானேதான்
அதற்கு எர்த் கொடுத்துக்கொண்டு
நோய் எங்கே என்று
ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

வண்டிக்கடியில் படுத்தேன்.
உட்காரும் முகம் முழுக்க வெள்ளிப் பெயிண்ட்,
போல்ட் துவாரம் உட்பட.
நாலு வருஷத்துக்கு முன் எவனோ அழகுக்கு அடித்தது.
நல்ல கைவேலைதான், ஒரு சொட்டு வழியவில்லை.
சாவியால் சுரண்டினேன்.
ஒரு ரூபாய் வட்டத்துக்கு
சாம்பல் நிற அலுமினியம் தெரிந்தது.
அவ்வளவுதான்.

ஓமலூர் ரோடு. கருப்பூர் பக்கம்
வெள்ளைக்கல் மேடு வெயிலில் கண்ணைக் குத்த,
முள் நாற்பத்தெட்டில்.
டாக்டர் சுவிட்சைத் தட்டினார்.
இன்ஜின் மட்டும் ஒரு படி கீழே இறங்கிப் பேசியது.
வேகம் இறங்கவில்லை.
சுமையை யாரோ தோள் மாற்றிக்கொண்டதுபோல்.
பின்சீட்டில் மாதையன்
அழுகிறாரா தும்முகிறாரா என்று பார்க்கவில்லை.

திரும்பும்போது சொன்னேன்:
"மேடம், இது டாப் கியர்ல மட்டும்தான்.
உங்க வீட்டுக்கு இருபது கொண்டை ஊசி.
அடிவாரம் தாண்டிட்டா இதுக்கு வேலையே இல்ல."
"தெரியும்."
"பின்னே எதுக்கு இவ்வளவு செலவு?"
"இருந்து போடாம இருக்கறது வேற,
இல்லாம இருக்கறது வேற."

பில்லில் எழுதினேன்: ஆயில், பெருமாற்று வாஷர், ரவூப் பாய் கூலி,
ரிலே (தேவைப்படவில்லை, என் கணக்கு).
பெயிண்ட் சுரண்டியது என்று எழுதி
எதிரே தொகை போட வரவில்லை.
சாவியில் இன்னும்
கொஞ்சம் வெள்ளி ஒட்டியிருக்கிறது.