ஏழாவது அச்சு

ஜனவரி. லாஹ்டியில் ஒன்பது மணிக்கும் விடியவில்லை.
மழலையர் பள்ளி ஆணிகளில் தொங்கும்
சின்னச் சின்ன மேலங்கிகளிலிருந்து
பனி உருகிச் சொட்டுகிறது.
கம்பளத்தில் இரண்டிரண்டு பேராக
உட்கார்ந்திருக்கிறார்கள் என் நடுவர்கள்.
மூன்றரை வயதுக்குக் குறைந்தவர் இல்லை,
நாலேகாலைத் தாண்டியவரும் இல்லை.

ஆளுக்கொரு வெள்ளைப் புட்டி. உள்ளே ஒன்றுமில்லை.
"திறந்து காட்டுங்கள் பார்ப்போம்" என்கிறாள் சிர்க்கு.
கையில் நிறுத்துக் கடிகாரம்.

ஐந்து நிமிடம்.
குலுக்குகிறார்கள். தரையில் தட்டுகிறார்கள்.
ஒருத்தி அதன் காதில், காது எதுவோ,
ஏதோ கெஞ்சுகிறாள்.
திருப்பத் திருப்பக் கடகடவென்று
சும்மா சுற்றுகிறது மூடி.
அந்தக் கடகடவுக்கு
எட்டு மாதம் உழைத்திருக்கிறேன்.

அழுத்த வேண்டும்,
அழுத்தம் விடாமல் திருப்ப வேண்டும்.
மெய்மேல் உயிர் ஏறுவதுபோல
இரண்டும் ஒரே மாத்திரைக்குள்.
நாலு வயதுக் கை
ஒரு நேரத்தில் ஒரு வினைதான் செய்யும்
என்பது என் கணக்கு.

ஆறாவது அச்சை ஒரு பிள்ளையும் திறக்கவில்லை.
கேக் வெட்டினோம்.

மறுவாரம் பெரியவர்களின் முறை.
நூலகத்தின் மாடியறைக்கு ரைமோ வந்தார்.
ஒட்டுப்பலகை ஆலையில் முப்பத்தெட்டு வருடம்;
வலது கையின் இரண்டு விரல் நுனிகளை
ஆலையே வைத்துக்கொண்டது.
முதல் நிமிடம் புன்னகைத்தார்.
மூன்றாவது நிமிடம்
புட்டியைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டார்.
ஐந்தாவது நிமிடம் அதை
என் பக்கமாக மெல்ல நகர்த்தினார்,
கடனைத் திருப்பித் தருவதுபோல.

"வீட்டில் எப்படித் திறப்பீர்கள்?"
"திறப்பதில்லை.
மருந்துக் கடைப் பெண் திறந்து தருவாள்.
வந்ததும் சர்க்கரைக் கிண்ணத்தில் கொட்டிவிடுவேன்.
மேசைமேலேயே இருக்கும், வசதி."

ஞாயிற்றுக்கிழமைகளில்
அந்த மேசைக்கு யார் யார் வருவார்கள் என்று
நான் கேட்கவில்லை.

அன்றிரவு என் சமையலறையில்
கட்டைவிரலை மடக்கிக் கட்டிக்கொண்டு
என் மூடியை நானே முயன்றேன்.
மறுநாள் பல்லின் உயரத்தில்
மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைச் சீவினேன்.
விளிம்பை அகலமாக்கி
உள்ளங்கை தங்க ஒரு பள்ளம் வைத்தேன்.
அதுதான் இன்று கம்பளத்தில் இருப்பது.

ரைமோ நேற்று பத்தொன்பது நொடியில் திறந்தார்.
திறந்துவிட்டு, மூடிவிட்டு,
யாரும் கேட்காமலே மறுபடி திறந்தார்.

இரண்டாவது ஐந்து நிமிடம்.
சிர்க்கு இப்போது திறந்து காட்டிவிட்டாள்.
பல்லால் கடிக்கலாம் என்றும் சொல்லியாயிற்று.
கடிக்கிறார்கள்.
(மாலையில் பூதக்கண்ணாடி வைத்து
அந்தப் பல்தடங்களை அளப்பேன்.)

மூலையில் வில்ஹோவும் ஹில்லாவும்.
அவனுக்குச் சளி. அவளுக்கு ஒற்றைக் காலுறை.
அவன் குப்புறப் படுத்து
மூடியின்மேல் தாடையை வைத்து அழுந்துகிறான்.
அவள் மூடியைத் தொடவே இல்லை.
கீழே புட்டியைத் திருப்புகிறாள்.

திறந்துவிட்டது.

ஒரு கை தட்டினால் ஓசை வராதென்று
எனக்கும் தெரியும்.
நாலு கைகளை நான் கணக்கிட்டிருக்கவில்லை,
தாடையை எப்படிக் கணக்கிடுவேன்?
சிர்க்கு படிவத்தைப் பார்க்கிறாள்,
பிறகு என்னை.
பிள்ளைக்கு ஒரு கட்டமாக வரைந்த தாள் அது.
சேர்ந்து செய்ததற்குக் கட்டமில்லை.
பென்சில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில்
கோட்டின்மேலேயே நிற்கிறது.

அவர்களுக்கோ வேறு கவலை.
புட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள்.
"ஒன்றுமே இல்லை" என்கிறான் வில்ஹோ,
ஏமாற்றிவிட்டீர்களே என்ற குரலில்.
இருவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு
எதையோ உள்ளே போட்டு,
மூடி, இறுக்கி,
என்னிடம் நீட்டுகிறார்கள்.
"இப்போ நீ திற."

குளிரில் மரத்த என் கையில்
முதல் முறை கடகட.
இரண்டாம் முறையும் கடகட.
ஹில்லா பொறுமையாக நிற்கிறாள்.
பிறகு எனக்கு உதவ,
மெதுவாக,
தன் தாடையைக் கொண்டுவருகிறாள்.