ஷுட் என்றால் வேண்டும்

மோல்மீனில் மழை பிடித்துவிட்டால்
டயர் கடை மாடியில் நான் நடத்தும் வகுப்பு
தகரக் கூரையோடு கத்திப் பேச வேண்டிய வகுப்பு.
மாலை ஆறு மணி. பதினோரு பிள்ளைகள்.
பன்னிரண்டாவது நாற்காலிக்காரன்
எல்லை தாண்டி மேசோட் போய்விட்டான்.
அதன்மேல் குடைகளை வைக்கிறோம்.

ஏழாம் பாடம்: ஆரோக்கிய வாழ்வு.
படத்தில் ஒரு பையன் தலைக்கவசம் அணிந்து
சைக்கிளில் போகிறான்.
சும்மா போகிறான், எதையும் கட்டித் தூக்கிக்கொண்டு அல்ல.
அவன் அம்மா நீட்டும் தட்டில்
பச்சையாய் ஒரு குட்டி மரம்.
"சார், இது என்ன?"
புரோக்கோலி என்றேன்.
"எப்படி ருசிக்கும்?"
தெரியாது என்று சொல்ல
ஆங்கிலத்தில் எத்தனை வழி உண்டோ
அத்தனையும் அன்று சொல்லிக்கொடுத்தேன்.

யூ ஷுட் டிரிங்க் எய்ட் கிளாஸஸ் ஆஃப் வாட்டர்.
மழையை மிஞ்சிச் சொன்னார்கள்.
மாலையில் பூங்காவில் நடப்பது பற்றிய வரியை மட்டும்
நானே தாண்டிப் போனேன்.
இருட்டிய பிறகு இந்த ஊரில்
நடப்பதற்காக யார் நடக்கிறார்கள்?

ஷுட் வைத்து ஐந்து வாக்கியம் எழுதுங்கள்.
இன்பராணி எழுதினாள்:
என் அண்ணன் டப்பா பானம் குடித்துவிட்டு
லாரி ஓட்டக் கூடாது.
கனகவேல் எழுதினான்:
மொகிங்காவில் வாழைத்தண்டு இருக்கிறது,
ஆகவே நாம் தினமும் மூன்று கிண்ணம் சாப்பிட வேண்டும்.
சூ மோன் எழுதினாள், நேராக என் வாயைப் பார்த்தபடி:
சார் ஷுட் நாட் ஈட் ரெட்.

கடைவாயில் ஒதுக்கியிருந்த வெற்றிலை
சட்டென்று ஒரு பாறாங்கல்.
"ஈட் ரெட்" பிழை, "ச்யூ பீட்டல்" என்று திருத்தினேன்.
திருத்திய பேனாவும் சிவப்பு.
பத்துக்கு ஒன்பது. ஒரு மதிப்பெண் இலக்கணத்துக்குப் போயிற்று.
உண்மைக்கு எதையும் குறைக்க முடியவில்லை.

ஏழுமலை ஒரு வாக்கியமும் எழுதவில்லை.
படகுத் துறை டீக்கடையில்
மூன்றரை மணிக்கு அடுப்பு பற்ற வைப்பவன்,
பள்ளிப் பதிவேட்டில் அவன் பெயர் ஸா மின்,
டீக்கடையில் பெயரே இல்லை, "டேய்" என்றால் வருவான்.
"சார், ஷுட்டுக்குத் தமிழில் என்ன?"
வேண்டும்.
"எட்டு மணி நேரம் உறங்க வேண்டும்?"
ஆமாம், அதுதான் சரி.
"வேண்டும் சார்" என்றான்,
கடைக்காரரிடம் கைநீட்டிக்
கடைசி ரொட்டியைக் கேட்பவனைப் போல.

இத்தனை வருடம் இந்த மொழியைப் பேசியும்
அன்றுதான் எனக்கு உறைத்தது.
செய்தே ஆக வேண்டியதற்கும்
கிடைக்காமல் ஏங்குவதற்கும்
நம்மிடம் ஒரே சொல்.
பொங்கலிட்டுக் கற்பூரம் காட்டிக்
கேட்பதும் அதே வேரிலிருந்துதான்.
புத்தகம் அவனுக்குப் புத்தி சொன்னது.
அவன் காதில் அது
மனுவாக மாறி விழுந்திருக்கிறது.

வினைச்சொல் அட்டவணையைப்
பலகையில் எழுதத் திரும்பினேன்.
அவனுக்கு என்ன சொல்வது என்று தெரியாததால்தான்.
பாதியில் கரண்ட் போயிற்று.
யாரும் கைபேசி விளக்கைத் தட்டவில்லை.
மழையும் கொஞ்சம் இறங்கி வந்தது.
அப்போது கேட்டது, மூன்றாம் வரிசையிலிருந்து,
திறந்த நோட்டின்மேல் கன்னம் வைத்த ஒருவனின்
நீளமான மூச்சு.
கனகவேல் சிரிக்கப் போனான்,
இன்பராணி அவன் காலை மிதித்தாள்.

எத்தனை நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தோமோ,
பத்தோ பன்னிரண்டோ.
வாயிலிருந்ததைக் காகிதத்தில் துப்பி மடித்தேன்.
அது நாளை திரும்பி வரும் என்பது
எனக்கும் தெரியும், சூ மோனுக்கும் தெரியும்.

கரண்ட் வந்தது.
குழல்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டி
வெள்ளையாய் விழித்தது.
சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தவள் சூ மோன்.
என்னைக் கேட்காமல் எழுந்து
விளக்கை மட்டும் அணைத்தாள்.
விசிறியை விட்டுவைத்தாள்.