மைனஸ்

கம்பெனி மூடி ஒன்பது வருஷம்.
மென்பொருள் கேட்டு எழுதினால்
அப்படியொரு முகவரியே இல்லையென்று திரும்பி வருகிறது.
மிச்சம் இதுதான்:
குளிர்கிடங்குக்குள் தொங்கும் வெள்ளை டப்பா,
அதன் யூஎஸ்பி வால்,
அந்த வாலின் பேச்சு புரிகிற,
சாகக் கிடக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

"புதுசுல தெரியற மாரி பண்ணிக் குடும்மா,
டிகிரி வந்தா போதும்" என்றார் குணாளன்.
இரண்டாயிரம் பேசினோம்.

காசிமேட்டில், மீன்பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி
இரண்டுக்கும் நடுவே ஒட்டுக்கேட்க உட்கார்ந்தேன்.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
திரை நடுங்கியது.

செருகியதும் கம்ப்யூட்டர் கேட்கிறது: யார் நீ?
பதினெட்டு பைட்டில் பதில்.
சரி, இனி உன் பெயர் ஏழு.
மறுபேச்சில்லாமல் அது ஏழாகிறது.
பிறகு தானாக வாய் திறப்பதில்லை.
இருக்கா?
இல்லை.
இருக்கா?
இல்லை.
நொடிக்கு நூறு தடவை,
வாசலில் தண்டல்காரன், கதவுக்குப் பின்னால் குரல் மட்டும்.

எப்போதாவது ஒரு எட்டு பைட்.
எட்டில் எது குளிர்?
ஐஸ்பாரில் வைத்தேன், மூன்றாவது விழுந்தது.
டீயில் முக்கினேன், நான்காவதும் அசைந்தது.
அக்குளில் இடுக்கிக்கொண்டேன்:
ஆறு-சி, பூஜ்யம்-ஒன்று.
சில்லறை முன்னால், நோட்டு பின்னால்.
திருப்பிப் போட்டால் முந்நூற்று அறுபத்து நாலு.
புள்ளி வைத்தால்
எனக்குக் காய்ச்சல் இல்லை.

திரும்பவும் உள்ளே தொங்கவிட்டேன்.
என் நிரல் அறிவித்தது:
ஆறாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து புள்ளி ஆறு டிகிரி.
சூரியனின் தோலைவிடச் சூடு.
இறால் கல்லாகக் கிடந்தது.
வாட்ச்மேன் யேசுபாதம் எட்டிப் பார்த்து
"வெந்துட்சா?" என்றார்.

கடனை வரவென்று படித்திருக்கிறேன்.
மைனஸ் பதினெட்டு.

அதோடு எழுந்திருக்கலாம்.
கேள்வியின் முதல் பைட் எப்போதும் ஒன்று.
சும்மா
இரண்டு என்று மாற்றி அனுப்பினேன்.

கொட்டத் தொடங்கியது.
தேதி, மணி, டிகிரி,
தேதி, மணி, டிகிரி,
இத்தனை நாள் யாரும் கேட்காத ஆறு மாசம்.
ராத்திரி ஒன்றரைக்கு ஏறத் தொடங்கி
நாலரைக்கு மைனஸ் மூன்று.
விடிவதற்குள் பழையபடி பதினெட்டு.
தினமும்.
ஞாயிறு மட்டும் கோடு நேராக ஓடுகிறது.

ஞாயிறு யேசுபாதத்துக்கு லீவு.
சுவிட்சில் பட்ட விரல் அவருடையதாயிருக்கும்.
அணைக்கச் சொன்ன வாய்?
அதற்கு பைட் ஒதுக்கவில்லை கம்பெனி.
கரண்டு பில்லைக் கட்டுவது யாரென்று
டப்பாவுக்குத் தெரியாது.

அவர் எனக்கு டீ வைத்துவிட்டுப் போகிறார்,
சர்க்கரை தூக்கலாக.
ஷட்டருக்கு வெளியே பைக் நிற்கிறது.

"இன்னாமா, பேசுதா?"
பேசுது என்றேன்.
ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே குணாளன்,
"இன்னா சொல்லுது?"