பதினொரு அங்குலம்

வெறும் தளமென்றால் அனுமதி வேண்டாம், ஹால்வர்சன்.
சுவர் எழும்பினால் வேண்டும்.
கூரை வந்தால் வேண்டும்; வீட்டோடு ஒட்டினால்
கேட்கவே வேண்டாம், வேண்டும்.
"மேலே என்ன வரப்போகுது?" என்றேன்.
படிவத்தில் அதுதான் ஐந்தாவது கட்டம்.
தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினார்:
"தெரியலையே."

அதற்குக் கட்டத்தில் இடமில்லை.
கராஜ் என்று நானே போட்டேன்.

சஸ்காட்செவன் மண் இளக மே மாதம் ஆகும்.
டேப்போடு போனேன்.
எல்லைக்கல்லைத் தோண்டிப் பார்த்தால், வேலி
அவர் பக்கம் பதினொரு அங்குலம் வந்து நிற்கிறது.
பக்கத்து வீட்டு ஒலேனாவின் பிளம் மரம்
முப்பது வருஷமாய்
இவர் நிலத்தில் காய்த்திருக்கிறது.

அந்தப் பக்கம் அவள்
போர்வை உலர்த்திக்கொண்டிருந்தாள்.
அவர் குரலைத் தாழ்த்தினார்:
"வேலியிலிருந்தே அளந்துக்குங்களேன்.
அவகிட்ட எதுக்கு."

உள்ளே தள்ளிக் கட்டினால் சட்டத்துக்கு வலிக்காது.
எழுதிக்கொண்டேன்: தூரம் சரி.

செப்டம்பரில் கடைசிப் பார்வை.
தளம் இருக்கிறது. கராஜைக் காணோம்.
ஈரத்தில் ஓடிப்போன ஒரு முயலின் தடம்,
வெடித்த பிளம் பழங்கள், குளவி,
ஒரு நாற்காலி, கவிழ்த்த ஒரு வாளி,
வாளிமேல் பின்னல் ஊசி.

ஐந்தாவது கட்டத்தை அடித்துவிட்டு
யோசித்தேன்.
பேனாவில் மை இறங்கவில்லை.